தலைக்கு எத்தனை மில்லிகிராம்?

உலகத்துக்கே உரம் கொடுத்த நாடு எங்களுடையது. நவூரு என்று வரைபடத்தில் தேடினால் ஈ உட்கார்ந்து எழுந்த இடம் மாதிரி ஒரு புள்ளி தென்படும், அதுதான். நூறு வருஷமாக தீவின் நடுவே இருக்கிற டாப்சைடு மேட்டின் பாஸ்பேட் மண்ணைச் சுரண்டிச் சுரண்டிக் கப்பலில் ஏற்றினோம். எங்கள் பாஸ்பேட்டால் யார் யாருடைய நாட்டிலோ புல் தழைத்தது. புல்லைத் தின்று மாடு கொழுத்தது. அந்த மாடு டின்னில் அடைபட்டு எங்களிடமே வந்து சேர்ந்தது. அதைச் சோற்றோடு பிசைந்து தின்று நாங்களும் வளர்ந்தோம், பக்கவாட்டில். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை, அந்தப் புத்தகம் வரும்வரை.

பெரிய நாடுகள் கூடி நடத்தும் ஏதோ ஒரு சபை அதை வெளியிடுகிறது. எந்த நாட்டுக்காரனுக்கு எந்தப் பண்டத்திலிருந்து எந்தச் சத்து தலைக்கு எத்தனை மில்லிகிராம் கிடைக்கிறது என்று பக்கம் பக்கமாக அட்டவணை. அதில் காய்கறியிலிருந்து கிடைக்கும் பாஸ்பரஸ் என்று ஒரு பக்கம். அந்தப் பக்கத்தின் அடியில், பக்க எண்ணுக்கு நேர் மேலே, எங்கள் நாடு.

அமைச்சர் அன்றைக்கே வானொலியில் பேசினார்.

"உலகத்துக்கே பாஸ்பரஸ் குடுத்த நாம இன்னைக்கு பாஸ்பரஸ்ல கடைசி. என் ஜனங்க பசியோட கிடந்தாக்கூட நான் பொறுத்துக்குவேன். ஆனா ஒரு அட்டவணையில கடைசில கிடக்கறதைப் பொறுத்துக்க மாட்டேன்."

இப்படிப் பிறந்ததுதான் காய்கறிப் பாஸ்பரஸ் வழங்கல் ஆணையம். டைரக்டராக என் அம்மாவின் தம்பி மார்செலஸ் நியமிக்கப்பட்டார். அதுவரை விமான நிலையத்தில் பெட்டிகளுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தவர். மில்லிகிராமும் எடைதானே என்று அமைச்சர் சொன்னதில் தவறு காண முடியாது. மாமா டைரக்டராக இருக்கையில் மருமகன் கடற்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தால் குடும்பத்துக்கு இழுக்கு என்று அம்மா சொல்ல, என்னைக் குறிப்பெழுத்தர் ஆக்கினார்கள். டைரக்டர் சொல்வதை எழுதிக்கொள்வது என் வேலை. அவர் சொல்லாததை எழுத இன்னொருவர் இருந்தார். அவருக்குச் சம்பளம் கூட.

ஆணையத்தில் தினமும் காலையில் ஒரு சடங்கு உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பாஸ்பேட் கட்டி. அதன் முன்னால் எல்லோரும் எழுந்து நிற்போம். முந்தின நாள் இந்த நாட்டில் தலைக்கு எத்தனை மில்லிகிராம் கிடைத்தது என்று டைரக்டர் உரக்க வாசிப்பார். வாசிக்க ஒன்றும் இருக்காது. ஆனாலும் வாசிப்பார். பிறகு டின் மாட்டிறைச்சி வைத்த ரொட்டியும் கோலாவும் வரும். கலைந்துவிடுவோம்.

முதலில் எழுந்த கேள்வி, எது காய்கறி என்பது. இதற்கென்றே வெளிநாட்டிலிருந்து டாக்டர் ஓல்சன் என்ற ஆலோசகர் வந்தார். கையில் ஒரு விதிப்புத்தகம். அதைத் திறக்காமல் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"தேங்காய்?" என்றார் மாமா.

"எண்ணெய் வித்து."

"தாழம்பழம்?"

"பழம்."

"ஈரப்பலா?"

"அதுவும் பழம்."

"எங்க ஆளுங்க தென்னையில இறக்கற கள்ளு? அதுல நல்ல சத்து சார்."

"பானம்."

மாமா கடைசியாக, மேட்டில் வலை வீசிப் பிடிக்கிற கறுப்புக் கடற்பறவையைக் கேட்டுப் பார்த்தார். அது இலை தழைகளில்தானே கூடு கட்டுகிறது என்று ஒரு நியாயமும் சொன்னார். ஓல்சன் புத்தகத்தை மூடிவிட்டார். நாங்கள் பிறந்தது முதல் தின்று வந்த எதுவுமே அட்டவணையில் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. கப்பலில் வரும் கோஸ் மட்டும் அட்டவணையில் இருந்தது. சீனர் கடையில் அது பாதி அழுகித்தான் கிடைக்கும்.

"அழுகினது கணக்குல வருமா?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"வழங்கல் வேற, சாப்பாடு வேற," என்றார் ஓல்சன். "நாட்டுக்குள்ள வந்துட்டா அது வழங்கல். யாராவது சாப்பிடறாங்களாங்கறது எங்க விஷயம் இல்ல."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டுச் சுரைக்காயையே கறியாகப் பரிமாற ஒரு நிபுணர் இருக்கிறார் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

உள்நாட்டில் காய்கறி விளைகிறதா என்று தேடச் சொன்னார்கள். தீவைச் சுற்றி வரும் சாலையில் ஜீப்பை ஓட்டினோம். ஒரு சுற்றுச் சுற்றிவர அரை மணி நேரம் போதும். ஆணையம் அதற்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டது. கடைசியில் புவாடா ஏரிக்கரையில் டெல்வினா அக்காவின் பாத்தியைக் கண்டுபிடித்தோம்.

அந்தப் பாத்தி அங்கே இருப்பது ஊர் முழுக்கத் தெரியும். அக்கா புவாடாவின் கறுப்பு மண்ணைக் கிளறி, கோஸ், வெள்ளரி, கொஞ்சம் கத்தரி என்று போட்டிருந்தாள். விற்பதற்கு இல்லை. அவள் கணவர் கெல்சனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறவர். அந்தக் காயை வெந்நீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதைத்தான் தின்ன வேண்டும். டின் இறைச்சி, டின் மீன், கோலா எல்லாம் அவருக்கு விஷம். அந்தப் பாத்தி இருந்ததால்தான் அவர் இருந்தார். இதை நான் கொஞ்சமும் கூட்டிச் சொல்லவில்லை.

மாமா பாத்தியின் ஓரத்தில் நின்று கோஸுக்குச் சல்யூட் அடித்தார்.

"டெல்வினா, உன் தோட்டம் இனிமே தேசிய பாஸ்பரஸ் ஆதாரம்."

இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அக்கா மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"என்னடா மார்செலஸ், வெயில்ல நின்னு உளர்றே? தண்ணி குடிக்கிறியா?"

"டைரக்டர்னு கூப்பிடு."

"சரி டைரக்டரே, தண்ணி குடிக்கிறியா?"

மாமா தண்ணீர் குடித்தார். பிறகு ஜீப்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கச் சொன்னார். வெளிநாட்டு உரம். மூட்டையின் மேல் பச்சை வயலும், அதில் சிரிக்கிற ஒரு வெள்ளைக்காரனும். உள்ளே இருப்பது எங்கள் மேட்டிலிருந்து போன மண்ணாகக்கூட இருக்கலாம். போன பொருள் இப்போது மூட்டைக்கு விலை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

"இந்தக் கோஸு, வெள்ளரி எல்லாத்தையும் பிடுங்கிடு," என்றார் மாமா. "பீன்ஸ் போடு. பட்டாணி போடு. அதுலதான் பாஸ்பரஸ் ஜாஸ்தி. இந்த மூட்டையைக் கொட்டு."

"அதெல்லாம் ஆகாதுடா. பாஸ்பரஸ் கெல்சனுக்கு ஆகவே ஆகாதுன்னு நர்ஸ் லிதியா தலைதலையா அடிச்சுக்குறா. அது ரத்தத்துல ஏறினா உடம்பெல்லாம் அரிக்கும், எலும்பு உளுத்துப்போகும், நெஞ்சு நின்னுடும். நான் தேடித் தேடிக் கம்மியா இருக்கறதைத்தான் போட்டிருக்கேன்."

ஓல்சன் இதைக் கேட்டுக் குனிந்து ஏதோ கணக்குப் போட்டார்.

"இது சீரியஸான விஷயம்," என்றார். "இவரால நாட்டோட சராசரி குறையுது."

"யாரால?"

"உங்க கணவரால. பாஸ்பரஸ் வழங்கலைக் குறைக்கிற ஒரு தலையா இருக்காரு. சின்ன நாடு இல்லையா, ஒரு தலைகூட கணக்குல தெரியும்."

அக்கா ஓல்சனைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அவரு தலையை என்ன பண்ணணுங்கறீங்க?"

மாமா அவள் தோளில் கை வைத்து மிக அன்பாகச் சொன்னார்: "ஒரு மனுஷனோட கிட்னி பெருசா, ஒரு தேசத்தோட சராசரி பெருசா? நீயே நிதானமா யோசிச்சுப் பாரு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

அக்கா யோசிக்கவில்லை. மண்வெட்டியைத் தூக்கினாள். நாங்கள் ஜீப்பில் ஏறினோம். ஆனால் ஏறுவதற்கு முன்னால் மாமா ஒரு கோஸையும் ஒரு பை மண்ணையும் மாதிரிக்கென்று எடுத்துக்கொண்டார்.

அந்தக் கோஸ் பரிசோதனைக்காக விமானத்தில் போனது. சரக்குப் பகுதியில் அடிபட்டால் பாஸ்பரஸ் சிந்திவிடும் என்று சந்தேகம் வந்ததால், அதற்கு ஒரு தனி இருக்கை போட்டுப் பெல்ட் மாட்டினார்கள். துணைக்குத் துணை டைரக்டரும், துணை டைரக்டருக்குத் துணையாக அவர் மனைவியும் போனார்கள். திரும்பி வரும்போது மூன்று பெட்டி. எடை அதிகமாகத்தான் இருந்திருக்கும், ஆனால் எடை போடும் இடத்தில் இப்போது மாமாவின் ஆள் இருந்தான்.

சோதனை முடிவு வந்தது. கோஸில் பாஸ்பரஸ் அற்பம். அக்கா சொன்னது சரி. ஆனால் அதே தாளில் இன்னொரு வரி இருந்தது. கோஸ் முளைத்த மண்ணில் பாஸ்பரஸ் கொள்ளை கொள்ளையாக இருக்கிறதாம்.

அந்த வரியைப் படித்ததும் மாமாவின் முகத்தில் ஒரு களை வந்தது. எங்கள் ஆட்களின் முகத்தில் அந்தக் களை வருவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மண் காசாகும் என்று யாராவது சொன்னால் வருகிற களை அது. வேறு எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும், நல்ல மண்ணைக் கண்டால் விதை போடலாம் என்று நினைப்பான். எங்களுக்கு ஒன்றுதான் தோன்றும்.

"தோண்டிடலாம்," என்றார் மாமா.

"தோண்டிட்டா காய்கறி எப்படி வளரும் மாமா?"

"அட மக்கு. மண்ணை வித்தா காசு. காசு இருந்தா கப்பல் கப்பலா காய்கறி. நம்ம தாத்தனுங்க எப்படி வாழ்ந்தானுங்க?"

தாத்தாக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை மேட்டில் ஏறிப் பார்த்தால் தெரியும். மண்ணெல்லாம் போய், பல்லைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகள் மட்டும் அங்கே நிற்கின்றன. அதை நான் சொல்லவில்லை. குறிப்பெழுத்தர் எழுதத்தான் வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு துண்டு நிலம் ஒரு ஆளுக்குச் சொந்தமாக இருக்காது. பாட்டன் வழி, பூட்டி வழி என்று பிரிந்து பிரிந்து, அக்காவின் பாத்திக்கே நூற்றுச்சொச்சம் பேர் பங்காளிகள். பாத்தியில் களை பிடுங்க அவர்களில் ஒருவரும் வந்ததில்லை. 'புவாடாவில் பாஸ்பேட்' என்று காற்றில் சேதி போனதுதான் தாமதம், தீவின் எல்லா மூலையிலிருந்தும் வண்டிகள் வந்து சேர்ந்தன. பங்குப் பணம் எப்போது, தலைக்கு எவ்வளவு என்பதுதான் பேச்சு. தோண்டச் சம்மதம் கேட்டால் கையெழுத்துப் போடுவது எங்கள் ரத்தத்தில் இருக்கிறது. கிழவர்கள் பேனாவைத் தாங்களே கொண்டு வந்திருந்தார்கள்.

"நான் போடமாட்டேன்," என்றாள் அக்கா.

"உன் பங்கு நூத்துல ஒண்ணும்மா," என்றார் மாமா. "அதையும் மதிக்கிறோம். உன் பங்குக்கு எவ்வளவு மண்ணோ அதை விட்டுட்டுத் தோண்டறோம்."

அப்படியே செய்தார்கள். மேட்டிலிருந்து இயந்திரம் இறங்கி வந்தது. கோஸும் வெள்ளரியும் ஒரு பக்கம் குவிந்தன. அவற்றை ஓல்சன் எடை போட்டு, ஒரே நாளில் வரலாறு காணாத அறுவடை என்று பதிவு செய்தார். பள்ளத்தின் நடுவில் அக்காவின் பங்கு, கேக் துண்டு மாதிரி, ஒரு கத்தரிச் செடியோடு நின்றது. ராத்திரி மழையில் அதுவும் சரிந்துவிட்டது. கரை மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து கெல்சன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் செத்தா இவளுக்கு எவ்வளவு வேலை மிச்சம்," என்று என்னிடம் சிரித்தபடி சொன்னார்.

மண் விற்ற காசில் பங்காளிகளுக்கு ஆளுக்கு ஒரு வறுத்த கோழி வாங்குமளவுக்குக் கிடைத்தது. மிச்சத்தில் ஆணையத்துக்குக் குளிர்சாதன வசதியோடு புதுக் கட்டடம் எழுந்தது. காய்கறிக் கப்பலுக்கு அடுத்த ஆண்டு நிதி ஒதுக்குவதாக முடிவானது.

கெல்சன் வேறு வழியில்லாமல் சோறும் டின்னும் தின்றார். அக்கா டின் இறைச்சியைக்கூட வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தாள். கோஸுக்காகக் கடை கடையாக அலைந்தாள். கிடைத்த நாளும் உண்டு, கிடைக்காத நாளே அதிகம். கொஞ்ச நாளில் அவர் சொறிய ஆரம்பித்தார். கை, முதுகு, தொடை என்று ரத்தம் வரும்வரை சொறிந்தார். கணுக்கால் வீங்கியது. நர்ஸ் லிதியா ரத்தப் பரிசோதனைத் தாளோடு நேரே எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். ஃபிஜிக்காரி, யாருக்கும் பங்காளி இல்லை, அதனால் யாருக்கும் பயமும் இல்லை.

"இந்தாளு ரத்தத்துல பாஸ்பரஸ் எவ்வளவு ஏறியிருக்குன்னு பாருங்க. இந்த வேலையில இவ்வளவு நாள்ல நான் இப்படிப் பார்த்ததில்ல. கொல்றீங்க அவரை."

மாமா தாளை வாங்கினார். எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"ஹைரம், எழுதிக்கோடா," என்றார் என்னிடம். "நம்ம வழங்கல் மக்களைப் போய்ச் சேர்ந்துடுச்சு. அதுவும் யாருக்கு? வேண்டவே வேண்டாம்னு இருந்த ஆளுக்கு."

லிதியா கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பாஸ்பேட் கட்டியையும் எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வாரமே புதுப் புத்தகமும் வந்தது. அட்டவணையின் அடியில் எங்கள் நாட்டைத் தேடினோம், காணோம். நடுவிலும் இல்லை. தேடித் தேடி ஒரு மூலையில் கண்டோம். நாட்டின் பெயருக்கு எதிரே எண்ணுக்குப் பதிலாக ஒரு சின்னக் கோடு.

"கோடுன்னா என்ன அர்த்தம்?" என்றார் மாமா.

ஓல்சன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "கணக்கெடுக்க ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். கோடு போட்ட நாட்டை வரிசையில சேர்க்க மாட்டாங்க."

"அப்போ நாம கடைசி இல்லை?"

"இல்லை. நீங்க வரிசையிலேயே இல்லை."

மாமா ஓல்சனைக் கட்டிக்கொண்டார். மறுநாள் நாட்டுக்கு விடுமுறை.

புதுக் கட்டட வாசலில் விழா. அமைச்சர் பேசினார்: "போன வருஷம் எல்லாருக்கும் கீழே இருந்தோம். இந்த வருஷம் நமக்கு மேலேயும் யாரும் இல்லை, கீழேயும் யாரும் இல்லை. சுதந்திரம்னா இதுதான்." பங்காளிகள் கை தட்டினார்கள். கோழி வாசனை வந்துகொண்டிருந்தது.

பிறகு, தேசத்தின் அதிகபட்சப் பாஸ்பரஸ் கொண்ட குடிமகன் என்று கெல்சனை மேடைக்கு ஏற்றினார்கள். இரண்டு பேர் தாங்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. கழுத்தில் பதக்கம் போட்டார்கள். பதக்கத்தின் நாடா பட்ட இடத்திலும் அவர் சொறிந்தார். "பாருங்க, எவ்வளவு சுறுசுறுப்பு," என்றார் மாமா ஒலிபெருக்கியில். பரிசாக ஒரு மூட்டை உரத்தை, அந்தச் சிரிக்கிற வெள்ளைக்காரன் படம் போட்டதை, டெல்வினா அக்காவின் காலடியில் வைத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

அக்கா ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் கெல்சன் சொறிகிற சத்தம்கூட அதில் கேட்டது.

"எங்க நிலத்து மண்ணையெல்லாம் கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டீங்க," என்றாள். அழவில்லை, கத்தவில்லை. "நாளைக்கு இவரைப் புதைக்கணும்னாக்கூட இங்க பாறைதான் இருக்கு. அதனால இந்த மூட்டையை நான் வாங்கிக்கறேன். ஒரு மூட்டைக்கு ஒரு அடி மண்ணுன்னு வச்சாலும், ஆறடி வேணும். இன்னும் அஞ்சு மூட்டை குடுத்துடுங்க மார்செலஸ்."

முதல்முறையாக அவள் அவரை மரியாதையாகக் கூப்பிட்டிருந்தாள். பங்காளிகளில் ஒரு கிழவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மாமா என் பக்கம் சாய்ந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"கேட்டியாடா? அஞ்சு மூட்டை கேக்குறா. ஜனங்ககிட்ட உரத்துக்கு ஆர்வம் வந்துடுச்சு. தேதி போட்டு எழுதிக்கோ."

தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.